ராயக்கோட்டைக் குன்றுகளில் ஓர் இறக்கம்

ராயக்கோட்டையைச் சுற்றியுள்ள குன்றுகளில் 16 கிலோமீட்டர் ஓடுவதற்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்தே, என் எண்ணமெல்லாம் 11ஆவது கிலோமீட்டருக்குப் பின் வரும் ஓர் இறக்கத்தின் மீதே இருந்தது. வழித்தடப் படத்தில் அது ஒரு விரல்கடை அளவுகூட இல்லை. ஆயினும், ஒன்பது மாதங்களுக்கு முன்பு பர்கூர்ப் பக்கத்துக் குன்று ஒன்றிலிருந்து இறங்கி வந்தபோது, சரளையில் வலப்பாதம் உட்புறமாக மடங்கி நான் விழுந்ததும் ஏறத்தாழ இதே போன்ற சரிவில்தான்.

எலும்பு முறியவில்லை. வெளிக்கணுவுக்கு முன்னால் இருக்கும், நம் ஊரில் ஜவ்வு என்று சொல்கிற தசைநார் பாதியளவு கிழிந்திருந்தது. வீங்கிய காலைப் பார்க்க வந்த உறவினர்களில் பாதிப் பேர் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்; மீதிப் பேர் ஓட்டத்தையே விட்டுவிடச் சொன்னார்கள். இயன்முறை மருத்துவர் மட்டும் வேறொன்றைச் சொன்னார். கணுக்காலில், கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் இடுக்கி போலப் பற்றியிருக்கும் எலும்பு முன்பக்கம் அகன்றும் பின்பக்கம் குறுகியும் இருக்கிறது. ஏறும்போது பாதம் மேல்நோக்கி மடங்குவதால் அகன்ற பகுதி இடுக்கிக்குள் இறுகிக்கொள்கிறது, இறங்கும்போது விரல்கள் கீழ்நோக்கிச் சாய்ந்தால் குறுகிய பகுதி உள்ளே வந்து மூட்டு சற்றுத் தளர்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பாதம் உட்புறமாகப் புரளாமல் தடுக்கும் வேலை பெருமளவு அந்தச் சிறிய நார் மீது விழுகிறது. இதைக் கேட்ட பிறகுதான் நான் விழுந்தது என் கவனக்குறைவால் மட்டும் அன்று என்று ஓரளவு ஆறுதல் அடைந்தேன். (கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.)

நார் கிழியும்போது, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும் நரம்பு முனைகளும் சேதமடைகின்றன. வலி போன பிறகும் கால் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். அதைச் சரிசெய்ய எனக்குத் தரப்பட்ட பயிற்சி மிக எளியது, மிகச் சலிப்பூட்டுவது: ஒற்றைக் காலில் நிற்பது. முதலில் தரையில், பிறகு தலையணை மீது, பிறகு கண்களை மூடிக்கொண்டு. பல் துலக்கும்போதும் நின்றேன், இட்லி வேகும் வரையிலும் நின்றேன். "ஏன்டா, ஏரிக்கரைக் கொக்கு மாதிரி நிக்கிறே, மீனு வரப்போகுதா?" என்று அம்மா கேட்காத நாள் இல்லை. ஐந்தாவது மாதத்தில் மெதுவாக ஓடத் தொடங்கினேன். ஏழாவது மாதத்தில் கிருஷ்ணகிரி சையத் பாஷா மலைக்கு வாரம் இருமுறை சென்று, ஏறுவதற்கு எடுத்த நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கிப் பழகினேன்.

பந்தயம் சனவரிக் கடைசி ஞாயிறு. ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைகள் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்கி வருவது ஆண்டுதோறும் நடப்பது என்பதால், காப்புக்காட்டை முற்றிலும் தவிர்த்து, நன்கு விடிந்த பிறகே எங்களை ஓட விட்டார்கள். முதல் ஐந்து கிலோமீட்டர் மாந்தோப்புகளின் ஓரமாகச் சென்றது. பெங்களூரா மரங்கள் பூத்திருந்தன; அந்தக் குளிரில் பூவின் மணம் மூச்சோடு உள்ளே இறங்கியது. ஏற்றங்களில், தொடையில் கை ஊன்றி வெட்கமின்றி நடந்தேன். செங்குத்தான ஏற்றத்தில் ஓடுவதற்கும் விரைந்து நடப்பதற்கும் வேகத்தில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை, மூச்சில்தான் இருக்கிறது. எதிரே கோட்டை மலை தெரிந்தது. 1791இல், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, ஆங்கிலேயப் படை கைப்பற்றிய கோட்டை அது. படைகள் மலையேறியதைத்தான் வரலாறு எழுதி வைக்கிறது. இறங்கும்போது எத்தனை பேருக்குக் கால் பிசகியது என்று யார் எழுதப் போகிறார்கள்?

அந்த இறக்கம் வந்தது. செம்மண், அதன் மேல் உருளும் சரளை, இருபுறமும் உண்ணிச்செடி. உடம்பு தானாகவே பின்னால் சாய்ந்தது. குதிகாலை ஊன்றித் தடை போட்டபடி இறங்கினேன். அது தவறு என்று எனக்குத் தெரியும். பின்னால் சாய்ந்தால் குதிகால் முன்னோக்கிச் சறுக்கும். உடலைச் சற்று முன்னே விட்டு, அடிகளைக் குறுக்கி, பாதத்தை உடலுக்கு நேர் கீழே வைக்க வேண்டும். தெரிந்த ஒன்றை அச்சம் செய்ய விடவில்லை. கடைசியில், சரிவுக்குக் குறுக்காகச் செல்லும் ஆட்டுத்தடம் ஒன்றைப் பிடித்து, இங்கும் அங்குமாக வளைந்து வளைந்து இறங்கினேன். "அண்ணா, ஓரம்" என்று சொல்லி என்னைக் கடந்தவர்கள் 17 பேர். எண்ணினேன். அவர்களில் ஒருவர் என் வயதைவிட இருபது வயதாவது மூத்தவர். அவரும் அண்ணா என்றுதான் சொன்னார்.

கால் பிசகியது அங்கே அன்று. முடிவுக்கோட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, சமதளமான தார்ச்சாலையில், வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று பரப்பி வைத்திருந்த ராகித் தாளின் மேல். அதன் அடியில் ஒரு கல் இருந்திருக்க வேண்டும். வலப்பாதம் பழையபடியே உட்புறமாகச் சாய்ந்தது. நான் அதை உணர்ந்தபோது பாதம் நிமிர்ந்துவிட்டிருந்தது. அடுத்த அடியையும் அதற்கடுத்த அடியையும் எடுத்து வைத்த பிறகே என்ன நடந்தது என்று புரிந்து, நின்று, குனிந்து கணுவைத் தொட்டுப் பார்த்தேன். வலி இல்லை. தாளைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "ஏதாச்சும் தொலைச்சிட்டியாப்பா?" என்று கேட்டார்.

2 மணி 41 நிமிடங்களில் முடித்தேன். அன்றிரவு அம்மா என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீக்கம் இல்லை என்று தானே தீர்ப்பளித்தார். மறுநாள் காலையில் கணுக்கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே சுமை தாங்குவதால் வரும் அந்த வலி இரண்டு தொடைகளிலும் பிடித்துக்கொண்டது. மாடியிலிருந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பின்புறமாகத்தான் இறங்கி வந்தேன்.