ஒரே ஒரு வரி, அதுவும் அனுப்பும்போதே

ஆய்வுக் கட்டுரை இதழில் ஏற்கப்பட்ட பிறகுதான் பலரும் நிதி ஒப்பந்தத்தில் உள்ள திறந்த அணுகல் விதியை, அதாவது கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கவிட வேண்டும் என்ற விதியை, தேடுகிறார்கள். அப்போது பாதிக் கதவுகள் மூடியிருக்கும்.

முதலில் தேதி. பிரிட்டனின் அரசு ஆய்வு நிதி அமைப்பான யூகேஆர்ஐயின் விதி 2022 ஏப்ரல் 1 முதல் சமர்ப்பித்த கட்டுரைகளுக்கு. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிதி அமைப்பான என்ஐஎச் பார்ப்பதோ ஏற்பு தேதியை. முன்பே அனுப்பியிருந்தாலும், 2025 ஜூலை 1 அன்றோ பிறகோ ஏற்கப்பட்டால் புதிய விதிதான். வெளியான கட்டுரையை 12 மாதம் வரை பொதுப் பார்வைக்குத் திறக்காமல் வைக்கவிட்ட பழைய தடைக்காலம் இனி இல்லை.

அடுத்தது பணம். சந்தா இதழிலேயே காசு கட்டினால் உங்கள் கட்டுரையை மட்டும் திறந்துவிடுவார்கள். இதுதான் கலப்பு இதழ். அந்தக் கட்டணத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப் நிதியில் ஈடுகட்ட முடியாது. உங்கள் நிறுவனத்துக்கும் பதிப்பகத்துக்கும் இந்தக் கட்டணம் பற்றி ஒப்பந்தம் இருந்தால் தப்பிக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் தொடர்புக்குரிய கட்டுரையாளரின் (இதழோடு தொடர்பில் இருப்பவரின்) நிறுவனத்தை வைத்தே செல்லும். அவர் ஜிமெயில் முகவரி கொடுத்திருந்தால், ஒப்பந்தம் இருந்தும் பில் வந்து நிற்கும்.

காசில்லாத வழி, ஏற்கப்பட்ட கைப்பிரதியை யாரும் படிக்கக்கூடிய இணையக் களஞ்சியத்தில் இடுவது. யூகேஆர்ஐ, பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை போன்றவர்கள் தடைக்காலமே இல்லாமல், சிசி பை உரிமத்தில் (ஆசிரியர் பெயரைச் சொல்லி யாரும் பகிரலாம், பயன்படுத்தலாம் என்ற உரிமம்) கேட்கிறார்கள். இதற்குத்தான் அந்த ஒரு வரி: 'இதிலிருந்து உருவாகும் ஏற்கப்பட்ட கைப்பிரதிக்குக் கட்டுரையாளர் சிசி பை உரிமம் அளித்துள்ளார்' என்ற பொருளில், நிதியளிப்பவர் தந்த வாசகத்தை எழுத்து மாறாமல், நன்றியுரைப் பகுதியிலும் இதழாசிரியருக்கான கடிதத்திலும் போட வேண்டும். பதிப்பகத்துக்கு உரிமை எதையும் எழுதிக்கொடுக்கும் முன்பே அறிவித்துவிடுவதில்தான் இதன் பலம். இதழுக்குப் பிடிக்காவிட்டால் மதிப்பாய்வுக்கு முன்பே தெரிந்துவிடும், அதுவும் லாபம்தான். ஏற்புக்குப் பின் வரும் படிவத்தில் 12 மாதம் காத்திருக்கச் சொல்லும் வரி இருக்கலாம். படிக்காமல் கையெழுத்திட்டால் நிதியளிப்பவருக்கும் பதிப்பகத்துக்கும் தந்த இரண்டு வாக்குறுதிகளும் மோதும்.

எந்தக் கோப்பு என்பதில்தான் அதிகம் வழுக்குகிறார்கள். மதிப்பாய்வாளர்கள் கேட்ட திருத்தங்கள் எல்லாம் சேர்ந்த, பதிப்பகம் இன்னும் அச்சுக்கோக்காத பிரதிதான் வேண்டும். பதிப்பகம் அச்சுக்கோத்துச் சரிபார்க்க அனுப்பும் மெய்ப்பு அது அல்ல. இதழின் லோகோவும் பக்க எண்ணும் உள்ள பிடிஎஃப்பும் அல்ல. ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே, படங்களும் அட்டவணைகளும் சேர்த்த இறுதிக் கோப்பை, ஏற்பு தேதியைப் பெயரில் போட்டுச் சேமியுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் இணைக் கட்டுரையாளரிடம் 'ஃபைனல்', 'ஃபைனல் 2' என்று நான்கு இருக்கும்.

பிறரிடம் அனுமதி வாங்கிப் போட்ட படங்களுக்கு சிசி பை பொருந்தாது. படத்தின் கீழேயே அதைக் குறிப்பிடுங்கள்.

என்ஐஎச் கட்டுரைகளுக்கு இன்னொன்று: கோப்பை ஏற்றியதோடு வேலை முடியாது. ஏற்றிய கோப்புக்கு ஒரு முறை, என்ஐஎச்சின் இலவசக் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரலுக்காக (பிஎம்சி) மாற்றிய வடிவத்துக்கு இன்னொரு முறை ஒப்புதல் தர வேண்டும். இரண்டாவது ஒப்புதல் கேட்கும் மின்னஞ்சல் ஸ்பாமில் கிடந்தால், கட்டுரை அங்கே சேர்ந்ததற்கான பிஎம்சி எண் வராது.