பெகு பக்கத்து உளுந்து வயல்கள்

பர்மா தமிழர் வரலாறு என்றாலே செட்டியார்களின் வட்டிக்கடையும் ரங்கூனும்தான் நிறைய எழுதப்பட்டிருக்கின்றன. சேற்றில் நின்றவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ரங்கூனுக்கு வடகிழக்கே, இப்போது பகோ என்று சொல்லப்படும் பெகு பக்கம் இருக்கும் எங்கள் ஊரைப் பற்றி நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் முன்னோர், கூலிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி கூட்டிவந்து நெல் அறுக்க வந்தவர்கள். அறுப்பு முடிந்தால் அரிசி ஆலையில் வேலை, அப்புறம் கப்பலேறி ஊருக்கு. அப்படி வந்துபோனவர்களில் சிலர் குத்தகைக்கு உழுது இங்கேயே தங்கிவிட்டார்கள். 1930-இல் நெல் விலை விழுந்ததும் கடன்பட்ட பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது. 1938-இல் கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. பர்மியர்களின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் சொந்தமாக ஒரு வரப்புகூட இல்லாத கூலிகளும் அந்தக் கோபத்தில் அடிபட்டார்கள்.

1942-இல் ஜப்பான் படை வந்தபோது பலர் இந்தியாவுக்கு நடந்தே போனார்கள். 1964 வாக்கில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும் இன்னொரு பெருங்கூட்டம் கிளம்பியது. எங்கள் ஊரிலும் சில குடும்பங்கள் போயின. தாத்தா போகவில்லை. "பயிரை விட்டுட்டு எங்கடா போறது?" என்றாராம். நிலம் அரசுடையது, உழும் உரிமை மட்டும் எங்களுடையது. அரசு சொன்ன விலைக்கு அரசு கேட்ட நெல்லைக் கொடுத்தே ஆக வேண்டும். 2003 வரை அப்படித்தான். வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்த நெல்லையும் அளந்து கொடுத்த வருஷங்களை அம்மா இன்னும் சொல்வார்.

எங்களைத் தூக்கி நிறுத்தியது உளுந்து. நெல் அறுத்ததும், மண்ணில் ஈரம் காய்வதற்குள் விதைத்துவிட வேண்டும். தஞ்சைப் பக்கம் நெல் தரிசில் போடுவார்களே, அதே முறைதான். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், மிச்ச ஈரமும் பனியும் போதும். மாசியில் பிடுங்கி, காயவைத்து, அடித்துத் தூற்றி, கூடைக்கணக்கில் அளப்போம்; ஒரு கூடை 20 பர்மிய வீசை, சுமார் 33 கிலோ. பர்மியர்கள் உளுந்தை அதிகம் சாப்பிடுவதில்லை. 1988-க்குப் பிறகு தனியார் ஏற்றுமதி செய்யலாம் என்று ஆனதும் பெரும்பகுதி இந்தியாவுக்கே போகிறது. பெகு வியாபாரி சென்னை விலையைக் கேட்டுத்தான் எங்களுக்கு விலை சொல்வார்.

அதனால் 2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று இறக்குமதிக்கு வரம்பு வைத்தபோது அடி நேராக எங்கள் வீடுகளில் விழுந்தது. விற்க மனமில்லாமல் மூட்டைகளைக் கூடத்தில் அடுக்கி வைத்தோம். 2021-இல்தான் அந்த வரம்பு போனது.

இப்போது ஊர்க் குடும்பங்களின் பெயர்களை நோட்டில் எழுதிவருகிறேன். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பெகு பக்கமிருந்து போய்த் திருச்சியிலோ மதுரையிலோ குடியேறிய குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால், உங்கள் தாத்தா உழுத வயல் எந்த ஓடைப் பக்கம் என்று எனக்கு எழுதுங்கள்.