நடக்கிற எண்ணம் இருக்கோ?

போன வருசம் மழை தொடங்க முன்னம் ஒரு டிப்ளோமா வேலைக்காக யாழ்ப்பாணத்தில கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கம் வீடு வீடா வினாக்கொத்து கொண்டு திரிஞ்சனான். உடற்பயிற்சியைப் பற்றியும் நல்ல சாப்பாட்டைப் பற்றியும் சனம் என்ன நினைக்குது, இனி என்ன செய்யிற எண்ணத்தில இருக்குது எண்டு அளக்கிறதுதான் வேலை. ஒவ்வொரு கேள்விக்கும் 1 தொடக்கம் 7 வரை ஒரு இலக்கம் போடோணும், 1 எண்டால் அந்த எண்ணம் துப்பரவா இல்லை, 7 எண்டால் கட்டாயம். முதல் நாளே கிட்டத்தட்ட எல்லாரும் 7. படலையைத் திறந்துவிட்டு, கதிரை போட்டு, தேத்தண்ணியும் தந்த ஆக்கள் கடதாசியோட முன்னால இருக்கிற பிள்ளையிட்ட "எனக்கு அந்த எண்ணம் இல்லை" எண்டு சொல்லுவினமோ? எனக்கு அண்டைக்கு இரவு நித்திரையே வரேல்லை, இந்த 7களை வச்சு நான் என்னத்தை எழுதுறது எண்டு.

எண்ணத்தை அளக்கிறதைப் பற்றிப் படிச்சதைத் திரும்ப எடுத்து வாசிச்சன். ஐஸக் அய்ஸன் எண்ட உளவியலாளர் 1991ல எழுதின கட்டுரையில எண்ணம் மூண்டு பக்கத்தால வருது எண்டுறார். அந்த வேலை நல்லதோ கரைச்சலோ எண்டு நீங்கள் நினைக்கிறது ஒண்டு, உங்கட ஆக்கள் அதைப் பற்றி என்ன நினைக்கினம் எண்டுறது மற்றது, அது உங்களால ஏலுமோ எண்டுறது மூண்டாவது. அதோட கேள்வியில என்ன வேலை, எங்க, எப்ப எண்டு எல்லாம் இருக்கோணும், சும்மா "உடற்பயிற்சி" எண்டு கேட்டா சும்மா ஒரு மறுமொழிதான் வரும். என்ர பிழை அதுதான்.

அந்தச் சொல்லே இஞ்ச வேற மாதிரித்தான் விளங்குது. உடற்பயிற்சி எண்டால் பள்ளிக்கூட மைதானத்தில கை காலை நீட்டி மடக்கிறது, இல்லாட்டி ஜிம். விடிய மரக்கறி மூட்டையைச் சைக்கிளில கட்டி மருதனார்மடம் சந்தைக்கு மிதிக்கிற ஒரு அம்மா "நான் உதொண்டும் செய்யிறேல்லை பிள்ளை" எண்டு 1 போட்டவ. உலக சுகாதார நிறுவனத்தின்ர வினாக்கொத்தில வேலையில அசையிறது, போக்குவரத்தில அசையிறது, ஓய்வு நேரத்தில அசையிறது எண்டு மூண்டையும் தனித்தனியாக் கேக்கிறது சும்மா இல்லை.

சாப்பாட்டுக் கேள்வி இன்னும் சிக்கல். மரக்கறியும் பழமும் நாளுக்கு 400 கிராம் எண்டால் ஒருத்தருக்கும் பிடிபடாது, நான் அரைக் கப் அளவில ஒரு கிண்ணம் கொண்டு போய்க் காட்டித்தான் கேட்டனான். அப்ப ஒரு அக்கா சந்தோசமா மரவள்ளிக்கிழங்குக் கறியையும் சேத்து எண்ணுறா, அந்தக் கணக்கில கிழங்கு வராது எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை, ஆனா சொல்லித்தான் ஆகோணும். இன்னொரு வீட்டில ஐயா "சோத்தைக் குறைச்சு மரக்கறியைக் கூட்டுவன்" எண்டு 7 போட்டார். குசினிக்குள்ள நிண்ட அம்மா எட்டிப் பாத்து, "உவருக்குப் பொரியல் இல்லாட்டி சோறு இறங்காது, ஆர் சமைக்கிறது எண்டும் கேளுங்கோ பிள்ளை" எண்டா. சரியான கேள்வி. கோப்பையில என்ன விழோணும் எண்டு முடிவெடுக்கிறது அவ, எண்ணத்தை நான் அளக்கிறது ஐயாவிட்ட. அண்டையில இருந்து சமைக்கிற ஆளுக்கு வேற தாள் வச்சனான்.

பிறகு நடைக் கேள்வியையும் மாத்தினன். "வாற ரெண்டு கிழமையும், கிழமைக்கு அஞ்சு நாள், பின்னேரம் அரை மணித்தியாலம் வேகமா நடக்கிற எண்ணம் இருக்கோ?" அரை மணித்தியாலப்படி அஞ்சு நாள் எண்டால் 150 நிமிசம், பெரியாக்களுக்கு ஒரு கிழமைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லுற ஆகக் குறைஞ்ச அளவு அது. இப்பதான் ஆக்கள் பேனையை வச்சிட்டு யோசிக்கத் தொடங்கிச்சினம். பின்னேரம் பிள்ளையள டியூசனுக்கு ஏத்தி இறக்கோணும், வெள்ளனை எண்டால் ஒழுங்கை முழுக்க நாய், பொம்பிளை ஒராள் வேகமா நடந்தா "எங்க அவசரமாப் போறியள்" எண்டு நாலு வீட்டில கேப்பினம். 7 எல்லாம் 4, 3 எண்டு இறங்கிச்சுது, எனக்கு அதுதான் நிம்மதி.

அப்பிடி நல்லா அளந்தாலும் எண்ணம் முழுக்கச் செயலா மாறாது. 2002ல பாஸ்கல் ஷீரன் முந்தின ஆய்வுகளின்ர தொகுப்புகளையே திரட்டிப் பாத்து, ஆக்களின்ர நடத்தையில இருக்கிற வித்தியாசத்தில 28 வீதத்தைத்தான் எண்ணம் விளங்கப்படுத்துது எண்டு எழுதினவர். அதே வருசம் அவரும் சேந்து வெளியிட்ட இன்னொரு ஆய்வு இருக்கு, பல்கலைக்கழக மாணவரை வச்சுச் செய்தது. இருதய நோயைப் பற்றி வாசிக்கக் குடுத்த ஆக்களில 35 வீதம்தான் அடுத்த கிழமை உடற்பயிற்சி செய்திச்சினம், அதை வாசிக்கக் குடுக்காத ஆக்களிலயே 38 வீதம். வாசிச்சதோட எப்ப, எங்க செய்யிறது எண்டும் எழுத வச்ச ஆக்களில 91 வீதம்! கிளினிக்கில நோட்டீஸ் ஒட்டுற ஆக்கள் எல்லாரும் இதை ஒருக்காப் பாக்கோணும் எண்டு எனக்கு ஆசை.

கடைசிக் கிழமை தாளின்ர அடியில நானும் ஒரு வரி சேத்தனான், எத்தினை மணிக்கு, ஆரோட, எந்தப் பாதையால எண்டு. சலரோகத்துக்கு மருந்து எடுக்கிற ஒரு அக்கா 4 போட்டுட்டு, கன நேரம் யோசிச்சு எழுதினா: "பின்னேரப் பூசை முடிஞ்ச உடன, பக்கத்து வீட்டு மாமியோட, கோயில் வீதியைச் சுத்தி." கோயில் வீதியில சுத்திற பொம்பிளையளை ஒருத்தரும் எங்க போறியள் எண்டு கேக்கமாட்டினம் எல்லோ. ரெண்டு கிழமைக்குப் பிறகு போய்க் கேக்க, கலண்டரைக் கழட்டிக்கொண்டு வந்து காட்டினா, ஆறு நாளில பேனையால புள்ளி போட்டிருந்தா, மற்ற நாள் மாமிக்குக் காய்ச்சலாம்.