பழைய டிரில்லிங் மிஷினும் கார்பன் பிரஷும்

உக்கடத்துப் பழைய இரும்புக் கடையொன்றில் எடை போட்டு வாங்கிய, அலுமினிய உடல் கொண்ட டிரில்லிங் மிஷின் இப்போது என் வீட்டுப் பட்டறையில் ஓடுகிறது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்துகாட்டிய கோவையில் இருந்துகொண்டு, பழைய மோட்டாரைத் தூக்கிப் போட எனக்கு மனம் வருவதில்லை; காயில் கட்டுபவரும் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்.

இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலும் முதலில் தேய்வது, மோட்டாரின் சுழலும் பகுதியில் உரசி மின்சாரம் செலுத்தும் கரித்துண்டான கார்பன் பிரஷ்தான். அது குட்டையானால் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்து, அது உரசும் செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரில் பொறி பறக்கும். செம்புப் பட்டைகளுக்கு இடையிலுள்ள, மின்சாரம் கடத்தாத மைக்கா செம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். மேலெழுந்து நின்றால் புதிய பிரஷும் துள்ளிக் கருகும் என்பதால், உடைந்த ஹேக்ஸா பிளேடைத் தேய்த்து மெல்லியதாக்கி, ஒவ்வோர் இடுக்காகச் சுரண்டினேன். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் எனக்குப் பிடித்ததும் இதுவே. மெருகேற்ற நைஸ் உப்புத்தாள் போதும். எமரித் தாளின் துகள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அது கூடாது.

பேரிங் மாற்றிக் கிரீஸ் வைத்தேன். பெயின்ட் அடிக்கவில்லை. உலோக உடல் என்பதால், மூன்று கம்பி வயர் போட்டு எர்த்தை உடலோடு இறுக்கி, மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியில் இன்சுலேஷனைச் சோதித்த பின்பே சுவிட்சைப் போட்டேன்.