ரிசீவரைக் கடைசியாக வாங்கினேன்

ஹோம் தியேட்டர் வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர், ஒலியைப் பெருக்கி எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பிரித்து அனுப்பும் ரிசீவரில்தான் ஆரம்பிக்கிறார்கள். அட்டைப்பெட்டியில் அதிக முத்திரைகள் இருப்பது அதில்தான். வாட் கணக்கு, சேனல் கணக்கு, 8கே, தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் அட்மாஸ் என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தோதான எண்களும் அதில்தான். நான் எதிர்த்திசையில் போனேன். முதலில் உட்காரும் இடம், அடுத்து ஸ்பீக்கர், அடுத்து தாழ்ந்த சுருதிகளுக்கென்றே உள்ள சப்வூஃபர், எல்லாம் முடிவான பிறகு ரிசீவர்.

கையில் தாராளமாகப் பணம் இருந்ததுதான் இந்த வரிசைக்குக் காரணம். பணம் குறைவென்றால், அகப்படுவதில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். தாராளமாக இருக்கும்போது ஒவ்வொரு மாடலுக்கும் மேலே இன்னொரு மாடல் கண்ணில் படுகிறது. அதற்கும் மேலே ஒன்று. எங்கே நிறுத்துவது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. காதில் வித்தியாசம் கேட்கிற இடத்தில் செலவு, கேட்காத இடத்தில் கஞ்சத்தனம் என்று வைத்துக்கொண்டேன். கடைசியில் கணக்குப் பார்த்தபோது பாதிக்குச் சற்று மேல் ஸ்பீக்கர்களுக்கும், ஏறத்தாழ கால் பங்கு சப்வூஃபர்களுக்கும் போயிருந்தது. ரிசீவர், கம்பிகள், அறைக்கான வேலைகள் எல்லாம் மீதிக்குள் அடங்கிவிட்டன.

அறை 5.7 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். சோபா பின்சுவரை ஒட்டிக் கிடந்தது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 30 ஹெர்ட்ஸ் வரும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அந்த அதிர்வெண் மோதி மோதித் திரும்பி, நகராத நிலை அலையாகத் தங்கிவிடுகிறது. சுவரோரத்தில் உப்பிக் கேட்கும், அறையின் நட்டநடுவில் வற்றிவிடும். எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய கருவியும் இந்தக் கணக்கிலிருந்து தப்பாது. ஆகவே சோபாவைச் சுவரிலிருந்து 1.3 மீட்டர் முன்னால் இழுத்தேன். சுவரும் இல்லை, நடுவும் இல்லை. அம்மாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "நடுக்கூடத்தில் போட்டு வைத்திருக்கிறாயே, யாராவது தடுக்கி விழப் போகிறார்கள்" என்றார். சோபாவுக்குப் பின்னால் தாழ்வான புத்தக அலமாரி ஒன்றை வைத்ததும் சமாதானமானார். ஒரு பைசா செலவில்லாமல் கிடைத்த மிகப் பெரிய முன்னேற்றம் அதுதான். இதைக் கடைக்காரர்கள் யாரும் சொல்லமாட்டார்கள், விற்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

ஸ்பீக்கர் தேர்வில்தான் அதிகக் காலம் போனது, போகவும் வேண்டும். நல்ல ஸ்பீக்கர் பல ஆண்டுகள் உழைக்கும். ரிசீவரோ, படத்தையும் ஒலியையும் கடத்தும் எச்.டி.எம்.ஐ. இணைப்பின் அடுத்த பதிப்பு வந்ததும் பழசாகிவிடும்.

கேட்டுப் பார்க்கப் போகும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருந்தேன். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிட்டால் இரண்டும் ஒரே சத்த அளவில் ஒலிக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடினாலே காது அதைச் 'சத்தம் அதிகம்' என்று எடுத்துக்கொள்ளாது. 'தெளிவு அதிகம்' என்று எடுத்துக்கொள்ளும். ஓரிடத்தில் விலை உயர்ந்த ஜோடிக்கு மாறும்போதெல்லாம் விற்பனையாளரின் விரல் மெல்ல வால்யூம் பக்கம் போனது. பழக்கதோஷமாகவும் இருக்கலாம். கைப்பேசியில் ஒலியளவு காட்டும் செயலியைத் திறந்து சோபாவின் கைப்பிடியில் வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு ஜோடிகளுக்கும் இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்துவிட்டது.

கண்ணும் இதில் ஏமாற்றும். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் பிறகு ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்திலும் பணியாற்றிய ஃபிளாய்டு டூல், இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பவர்கள் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே கொடுத்த மதிப்பெண்ணும் திரைக்கு அப்பால் வைத்துக் கேட்டுக் கொடுத்த மதிப்பெண்ணும் வேறுபட்டன. பளபளக்கும் மரப்பூச்சு காதுக்குள்ளும் கொஞ்சம் நுழைந்துவிடுகிறது. அந்த வழியில் வந்த அளவீட்டு முறை இப்போது சி.டி.ஏ-2034 என்ற தரநிலையாகவே இருக்கிறது. ஸ்பீக்கரைச் சுற்றி எல்லாக் கோணங்களிலும் அளந்து, நேராகக் கேட்கும் ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் எப்படி இருக்கும் என்று வரைபடமாகக் காட்டுவார்கள். நான் முதலில் அந்த வரைபடங்களைப் பார்த்துக் கரடுமுரடானவற்றைக் கழித்தேன். எஞ்சியவற்றை மட்டுமே போய்க் கேட்டேன். இது அலைச்சலைப் பெருமளவு மிச்சப்படுத்தியது.

மையத்தில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். படத்தின் வசனத்தில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வருகிறது. "என்ன பேசுகிறார்கள் என்றே புரியவில்லையடா" என்று அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருந்ததும் வசனத்தைப் பற்றித்தான். பெரும்பாலான சென்டர்களில் நடுவே உச்ச சுருதிக்கான ஒரு ட்வீட்டர், அதன் இரு பக்கமும் தாழ்ந்த சுருதிக்கான ஒவ்வொரு வூஃபர் படுக்கைவாட்டில் இருக்கும். நேர் எதிரே உட்கார்ந்தால் பிரமாதம். சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தால் ஒரு வூஃபர் அருகிலும் மற்றது தொலைவிலும் ஆகி, இரண்டின் ஒலியும் சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. செய்தி வாசிக்கும் ஓர் ஆண் குரலை ஓடவிட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக நகர்ந்து பார்த்தேன். சொற்கள் அதே சொற்கள். ஆனால் குரலின் சதை கழன்று எலும்பு மட்டும் மிஞ்சியது. அடுத்து, ட்வீட்டருக்கு நேர் கீழே நடுச் சுருதிகளுக்கெனத் தனியாக ஒரு மிட்ரேஞ்ச் வைத்த மூன்று வழி சென்டரில் அதே குரலைக் கேட்டேன். ஓரத்திலும் குரல் குரலாகவே இருந்தது. எங்கள் வீட்டில் அம்மா உட்காரும் இடம் சோபாவின் இடது ஓரம். முடிவு அங்கேயே ஆகிவிட்டது. சென்டரை முதலில் எடுத்துவிட்டு, அதே வரிசையின் இடது, வலது ஸ்பீக்கர்களை அதற்குத் துணையாக எடுத்தேன். மூன்றும் ஒரே குடும்பமாக இருந்தால்தான், திரையில் ஒரு கார் இடமிருந்து வலமாகப் போகும்போது நடுவழியில் அதன் சத்தம் மாறாது.

வாட் கணக்கையும் இந்தக் கட்டத்தில்தான் போட்டேன். திரையரங்குகளுக்கென வகுத்த ஒலியளவான ஆதார அளவில் ஒவ்வொரு சேனலும் உச்சத்தில் 105 டெசிபல் தர வேண்டும். ஸ்பீக்கருக்கும் எனக்கும் இடையே 3.5 மீட்டர்; அந்தத் தூரத்தில் திறந்தவெளிக் கணக்குப்படி சுமார் 11 டெசிபல் கரைந்துபோகிறது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 85 டெசிபல் தரும் ஸ்பீக்கர் என்றால் இதற்கு 1,200 வாட்டுக்கு மேல் வேண்டும். 91 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு 300 வாட் சொச்சம் போதும். அந்த 6 டெசிபல் வித்தியாசம் நான்கு மடங்கு வாட்டுக்குச் சமம். வீட்டில் யாரும் ஆதார அளவில் கேட்பதில்லை, அறைச் சுவர்களும் கொஞ்சம் கைகொடுக்கும். 10 டெசிபல் குறைத்துக் கேட்டால் தேவை பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது, அதாவது 91 டெசிபல் ஸ்பீக்கருக்கு முப்பது வாட் சுமார். இதைப் போட்டுப் பார்த்த பிறகு, 'கட்டாயம் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும்' என்று சொன்ன குரல்கள் எல்லாம் எனக்குத் தூரத்தில் கேட்டன.

பக்கவாட்டு ஸ்பீக்கர்களிலும் கூரை ஸ்பீக்கர்களிலும் அவ்வளவு மெனக்கெடவில்லை. அதே நிறுவனத்தின் சிறிய மாடல்கள் போதும். பக்கவாட்டில் இருப்பவை கேட்பவருக்குச் சற்றுப் பின்னால், நேர் முன்னாலிருந்து சுமார் 110 பாகையில். அட்மாஸுக்கு நான்கு, கூரையில் நேரடியாகப் பொருத்தியவை. கூரையை நோக்கி ஒலியை அடித்துத் திருப்பும் வகையும் இருக்கிறது. ஆணி அடிக்க முடியாத வீட்டுக்கு அது சரி, முடிகிற வீட்டில் அதற்குப் போவானேன்?

சப்வூஃபரில் ஒன்று பெரிதாகவா, இரண்டு நடுத்தரமாகவா என்பதுதான் கேள்வி. இரண்டு என்று முடிவெடுத்தேன். சத்தத்துக்காக இல்லை. ஒரு சப்வூஃபர் அறையில் சில இடங்களில் முழங்கும், சில இடங்களில் காணாமல் போகும். இரண்டைச் சரியான இடங்களில் வைத்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்புகிறது. ஹார்மனில் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளை நல்ல இடங்களாகக் காட்டியது. எனக்கு முன்சுவரின் நடு கிடைத்தது; பின்சுவரின் நடுவில் புத்தக அலமாரி. அதனால் இரண்டாவதற்கு இடம் தேட, தவழும் முறையைக் கையாண்டேன். சப்வூஃபரைத் தூக்கி நாம் உட்காரும் சோபாவின் மேலேயே வைத்து, தாழ்ந்த சுருதியில் தொடர்ந்து ஒலிக்கும் ஒரு பகுதியை ஓடவிட்டு, சுவரோரமாக முழங்காலிட்டுத் தவழ்ந்து காதால் தேட வேண்டும். எங்கே பாஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்தால் சோபாவிலும் சீராகக் கேட்கும். தரையில் காதை வைத்துக்கொண்டு நகரும் என்னை வாசலில் நின்று பார்த்த என் மகள், எதுவும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டாள். பின்சுவரின் வலது மூலைக்கு ஒரு முழம் தள்ளி நல்ல இடம் அகப்பட்டது.

இவ்வளவும் முடிவான பிறகு ரிசீவருக்கான கேள்விகள் மிகச் சிலவாகச் சுருங்கிவிட்டன. ஒன்பது ஸ்பீக்கர்களுக்கு ஒன்பது ஆம்ப்ளிஃபயர். இரண்டு சப்வூஃபருக்கும் தனித்தனி வெளியீடு. பிற்காலத்தில் தனி ஆம்ப்ளிஃபயர் சேர்க்கத் தோன்றினால், அதற்கு ஒலியை வெளியே அனுப்பும் பிரீ-அவுட். தொலைக்காட்சியிலிருந்து சுருக்கம் இல்லாத ஒலியை வாங்க இ-ஆர்க். எல்லாவற்றுக்கும் மேலாக, அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் மென்பொருள். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிஸி வருகிறது, யமஹாவுக்கு ஒய்.பி.ஏ.ஓ; ஆந்தெமுக்குச் சொந்த முறை ஒன்று. டிராக் லைவ் பல நிறுவனங்களில் கிடைக்கிறது, சிலவற்றில் தனிக் கட்டணத்துக்கு.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை நான் நம்பவில்லை. அது பெரும்பாலும் இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது எடுத்த அளவு. இன்னும் மோசமாக, ஒரே அதிர்வெண்ணில் 10 சதவீத ஒலிச்சிதைவோடு எடுத்ததாகக்கூட இருக்கும். 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 8 ஓமில், சிதைவு 0.1 சதவீதத்துக்குள் என்று போட்டிருக்கும் வரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். கடையில் ரிசீவரைத் திருப்பிப் பின்தகட்டையும் பார்த்தேன். முன்னால் 'ஒவ்வொரு சேனலுக்கும் 150 வாட், பதினொரு சேனல்' என்று பெருமை. பின்னால் மின் நுகர்வு ஆயிரம் வாட்டுக்கும் கீழே. பதினொன்றும் ஒரே நேரத்தில் முழு மூச்சில் பாட மின்சாரம் எங்கிருந்து வரும்? நல்ல வேளையாக எந்தப் படமும் அப்படிக் கேட்பதில்லை. இந்தத் தேவைகளுக்குள் வந்தது டெனானின் இடைநிலை மாடல் ஒன்று. அதற்கு மேலே இருந்தவை சேனல் எண்ணிக்கையிலும் எடையிலும் கூடியிருந்தன. என் அறைக்கு அவற்றில் கேட்கக்கூடிய கூடுதல் எதுவும் தெரியவில்லை.

கம்பியைப் பற்றி ஒரே வரி: சுத்தச் செம்பு, 14 கேஜ், அவ்வளவுதான். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பி மட்டும் வேண்டாம்.

ரிசீவரின் திருத்த மென்பொருளுக்காக அறையை அளவெடுக்கும் வேலையை இரவில் வைத்துக்கொண்டேன். மின்விசிறியை நிறுத்தி, குளிர்சாதனப் பெட்டியையும் சற்று நேரம் அணைத்து, ஒலிவாங்கியைக் காது உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி எட்டு இடங்களில் அளந்தேன். ஒலிவாங்கியைச் சோபாவின் முதுகில் சாய்த்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வைத்தால் மெத்தையின் எதிரொலியையும் சேர்த்துத்தான் அது கேட்கும். முடிவில் ரிசீவர் முன் ஸ்பீக்கர்களை 'பெரியவை', அதாவது தாழ்ந்த ஒலியையும் தாமே தருபவை, என்று பதிந்திருந்தது. அதைச் 'சிறியவை' என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபர்களிடம் ஒப்படைத்தேன். சப்வூஃபரின் தூரம் நாடாவில் அளந்ததைவிட அதிகமாகக் காட்டியது. அது பிழையில்லை. சப்வூஃபரின் உள் மின்னணுச் சுற்று உண்டாக்கும் தாமதத்தைத் தூரமாக மாற்றிச் சொல்கிறது. கை வைக்கக் கூடாது. பிறகு கைப்பேசிச் செயலி வழியாகத் திருத்தத்தை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் நிறுத்தினேன். அதற்கு மேலே ஒலியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஸ்பீக்கர். நல்ல ஸ்பீக்கரைத் தேடி எடுத்துவிட்டு அதை மென்பொருளிடம் திருத்தக் கொடுப்பானேன்?

திருத்தத்துக்கு முன் 30 ஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு நின்றது. நீளத்தை வைத்துப் போட்ட கணக்கு சொன்ன அதே இடத்தில். இப்போது அது தணிந்துவிட்டது. 43 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் இன்னும் இருக்கிறது, அறையின் அகலத்தால் வருவது. பள்ளத்தை மின்சாரத்தால் நிரப்பப் பார்ப்பது வீண்வேலை. சப்வூஃபரை இன்னும் சில அங்குலம் நகர்த்திப் பார்க்க வேண்டும். பின் சேனல்கள் இரண்டுக்கான கம்பியையும் சுவருக்குள் இழுத்து வைத்திருக்கிறேன், ஸ்பீக்கர் வாங்கவில்லை. சோபாவுக்குப் பின்னால் 1.3 மீட்டர்தான் இருக்கிறது. அந்த இடத்தில் அவை காதுக்கு மிக அருகில் வந்துவிடும் என்று தோன்றுகிறது. ஒதுக்கிய பணத்தில் மிச்சம் இருப்பதை முதல் எதிரொலி விழும் பக்கச் சுவர்களில் 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள உறிஞ்சும் பலகைகளுக்கு வைத்திருக்கிறேன். எந்தத் துணி போர்த்துவது என்பதை அம்மா இன்னும் முடிவு செய்யவில்லை.