போடிமெட்டு ஏறி, கொடைக்கானல் இறங்கி

நவம்பர் 16, 2025, ஞாயிறு

இரண்டு வருடமாக மனதில் ஓடிக்கொண்டிருந்த சைக்கிள் சுற்றை இன்று நோட்டில் எழுதிவிட்டேன். மதுரை, உசிலம்பட்டி, தேனி, போடி, போடிமெட்டு, மூணாறு, மறையூர், உடுமலை, பழனி, கொடைக்கானல், வத்தலக்குண்டு, மறுபடி மதுரை. கூட்டினால் 460 கிலோமீட்டருக்குப் பக்கம் வருகிறது. ஐந்து நாள். மூணாறுக்குப் பக்கத்து டாப் ஸ்டேஷனிலிருந்து பெரிஜம் ஏரி வழியாகக் கொடைக்கானலுக்கு முன்பு ஒரு மலைச்சாலை இருந்தது. காட்டுக்குள் போக்குவரத்தை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. அதனால் மூணாறிலிருந்து சமவெளிக்கு இறங்கி, பழனி அடிவாரத்திலிருந்து திரும்பவும் முதலிலிருந்து ஏறியாக வேண்டும். அந்த ஏற்றத்தை நினைத்தால்தான் ஆசையாகவும் இருக்கிறது.

நவம்பர் 19, புதன்

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பது முடிவாகிவிட்டது. கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு சாலை நல்ல அகலம், ஆனால் பஸ், வேன், கார் எல்லாம் அதில்தான். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கூட்டத்தோடு ஏறுவதைவிட அதில் இறங்குவதே மேல். பழனிச் சாலை குறுகல், வண்டி குறைவு. ஏற்றம் 65 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 1,800 மீட்டர். பெருமாள்மலையில் போய் பெரிய சாலையோடு சேரும்.

இரவு போடி சித்தப்பாவிடம் பேசினேன். "காலைல ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் ஏலத்தோட்டத்து ஜீப்பா ஏறும்டா. வளைவுல ஒதுங்க இடம் இருக்காது. நம்ம வீட்ல இட்லி சாப்பிட்டுட்டு எட்டரைக்குக் கிளம்பு" என்றார். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்புவதாக இருந்தேன். நல்லவேளை கேட்டேன்.

நவம்பர் 22, சனி

தேதிதான் பெரிய பாடு. கார்த்திகை பிறந்துவிட்டது. மகரவிளக்கு முடியும்வரை தேனிச் சாலை முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். அப்புறம் பொங்கல் லீவு. பிப்ரவரி 1 தைப்பூசம், அதற்கு முன்பே பழனிப் பாதையெல்லாம் பாதயாத்திரைக் கூட்டம் நிறைந்துவிடும். ஜனவரி 26 திங்கட்கிழமை, அந்த மூன்று நாள் விடுமுறைக்குக் கொடைக்கானல் தாங்காது. மிஞ்சுவது ஜனவரி 19 திங்கள் முதல் 23 வெள்ளி வரைதான். மூணாறில் அப்போது கடும் குளிர் இருக்கும். விடியற்காலை இறக்கத்துக்குக் கையுறை கட்டாயம்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஒத்திகைக்குச் சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வரை சுகமாக ஏறினேன். பன்னிரண்டில் முட்டி பேச ஆரம்பித்தது. சைக்கிளின் கியர் சக்கரங்களில் முன்னால் சின்னது 34 பல், பின்னால் பெரியது 28 பல். ஒரு முழு மிதிக்கு சைக்கிள் இரண்டரை மீட்டர் நகர்கிறது. செங்குத்தான இடத்தில் நிமிடத்துக்கு 50 மிதிகூட விழவில்லை. பின்னால் 34 பல் போட்டால் ஒரு மிதிக்கு இரண்டு மீட்டர் சொச்சம்தான். மெதுவாகப் போனாலும் முட்டி தப்பிக்கும். போடிமெட்டிலும் பழனியிலும் மணிக்கணக்கில் ஏற அதுதான் சரி. செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் பின் டீரெய்லரையும் நீளமானதாக மாற்ற வேண்டும்.

மேலே நாலு சிறுமலை வாழைப்பழம் சாப்பிட்டேன். தோல் கொஞ்சம் தடிமன், உள்ளே நல்ல இனிப்பு.

இறக்கத்தில்தான் பயந்துவிட்டேன். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்ததில் கரகரவென்று சத்தம். ஓரமாக நிறுத்தி ரிம்மில் விரலை வைத்த மாத்திரத்தில் எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் டியூப் வெடித்திருக்கும். ஆறவிட்டு, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் கட்டையில் அரிசி நொய் மாதிரி அலுமினியத் துகள்கள் பதிந்து மின்னின. ஊக்கு முனையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். பதினொன்று. போன மாதம் சர்வீஸுக்கு விட்ட கடையில் கட்டை நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இனி நானே கழற்றிப் பார்ப்பேன்.

டிசம்பர் 10, புதன்

மறையூருக்கு அப்புறம் சின்னார் காடு, யானை நடமாட்டம் உள்ள பாதை. காலையிலும் மாலையிலும் அதற்குள் இருக்கக் கூடாது, உச்சி வெயிலில் கடப்பதாகத் திட்டம். செக்போஸ்ட்டில் சைக்கிளை விடாவிட்டால் வாதாடப்போவதில்லை. ஏதாவது பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு உடுமலையில் இறங்கிக்கொள்வேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

34 பல் மாட்டியாயிற்று, புதுப் பிரேக் கட்டையும். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு மூன்று தடவை ஏறி இறங்கினேன். வளைவுக்கு முன்பே நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். முதல் தடவை கை கேட்கவில்லை, மூன்றாவதில் பழகிவிட்டது. கீழே வந்து ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புதான்.