ஜன்னல் ஏன் நடுவில் வந்தது?

எங்கள் ஊர் வாசகசாலைப் புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்று கேட்டார்கள், போன வருடம் ஒரு சின்ன மீடியாவிக்கி தளம் போட்டுக் கொடுத்தேன். விக்கிப்பீடியா ஓடுவதும் இதே மென்பொருளில்தான், ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமம், காசு கிடையாது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது வாசகசாலையைக் கவனித்துக்கொள்ளும் அண்ணன் ஒரு நாள் ராத்திரி கூப்பிட்டார். "தம்பி, ச-வுக்கு அடுத்து ஜ வருது, ந-வுக்கு ஒட்டிக்கிட்டு ன வருது. உன் கம்ப்யூட்டருக்கு நெடுங்கணக்கு தெரியாதா?"

தெரியாதுதான். பகுப்புப் பக்கங்களை, அதாவது ஒரே வகைப் பக்கங்களின் பட்டியலை, நாம் எதுவும் சொல்லாமல் விட்டால் மீடியாவிக்கி யூனிகோடு எண் (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒதுக்கிய எண்) வரிசைப்படியே அடுக்கும். தமிழுக்கு யூனிகோடில் இடம் ஒதுக்கியபோது 1988ஆம் ஆண்டு இஸ்கி குறியீட்டின் அமைப்பைப் பின்பற்றினார்கள், அது இந்திய எழுத்துகளையெல்லாம் தேவநாகரிக்கு இணையாக வைத்துப் போட்ட அட்டவணை. அதனால் ஜ அங்கே ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில், ன ந-வின் பக்கத்தில், ற ரகரத்தின் பக்கத்தில். நம் வரிசையில் கடைசியில் வர வேண்டிய 'ழ ள ற ன' நான்கும் சிதறிப்போயின.

ஓடுகிற தளத்தில் கை வைக்கப் பயம். சரி, வீட்டு மடிக்கணினியிலேயே ஒரு முழு மேம்பாட்டுச் சூழலைப் போட்டுவிடுவோம், உடைந்தால் நமக்குத்தான் உடையும் என்று ஒரு சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். உபுண்டு லினக்ஸ் போட்ட பழைய எட்டு ஜிபி பெட்டி. ஒரு மணி நேர வேலை என்று நினைத்தது மூன்று வார இறுதிகளைத் தின்றது.

முதல் வாரம்

மூல நிரல் கிட்ஹப்பிலும் இருக்கிறது, ஆனால் அது நகல்தான். உண்மையான வேலை நடப்பது, நிரல் மாற்றங்களை அனுப்பிப் பரிசீலிக்கும் இடமான விக்கிமீடியாவின் கெரிட் வழங்கியில். அங்கிருந்தே குளோன் செய்தேன், அதாவது முழுப் பிரதி எடுத்தேன். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கமிட்கள் (பதிவான மாற்றங்கள்), வீட்டு இணைப்பில் அது இறங்கி முடிவதற்குள் மதியச் சாப்பாடே முடிந்துவிட்டது. நிரலோடு வரும் டெவலப்பர்ஸ் என்ற கோப்பில் டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி) வழியாக நிறுவுவதை வரி வரியாகச் சொல்லியிருக்கிறார்கள்: என்வி என்ற அமைப்புக் கோப்பு எழுத வேண்டும், டாக்கர் கம்போஸ் அப் கொடுக்க வேண்டும், உள்ளே போய், தேவையான நூலகங்களை இறக்கும் கம்போசர் அப்டேட், அப்புறம் நிறுவல் ஸ்கிரிப்ட். தரவுத்தளத்துக்குத் தனியாக எதுவும் வேண்டாம், எஸ்கியூலைட் போதும், கேஷ் கோப்புறைக்குள் ஒரு கோப்பாக உட்கார்ந்துகொள்ளும். உலாவியில் 8080ஆம் போர்ட்டில் தளம் தெரியும்.

இதில் லினக்ஸ்காரர்களுக்கு என்று ஒரு வரி உண்டு. உங்கள் பயனர் எண்ணையும் குழு எண்ணையும் அந்த என்வி கோப்பில் சேர்க்கச் சொல்லும் வரி. அதை அப்படியே நகலெடுத்து ஒட்டினேன். ஒட்டும்போது நான் சூடோ கட்டளை போட்டு ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியாக, உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் விஷயம், டாக்கர் குழுவில் என் பெயரைச் சேர்க்கச் சோம்பல்பட்டதால் வந்த வினை. என் எண் 1000 என்று விழ வேண்டிய இடத்தில் ரூட்டின் எண்ணான 0 விழுந்தது. தளம் என்னவோ ஓடியது. ஆனால் எடிட்டரில் ஒரு கோப்பைத் திறந்து சேமித்தால் அனுமதி இல்லை என்கிறது, ஏனென்றால் எல்லாமே ரூட்டின் சொத்து.

சரி என்று 0-வை 1000 ஆக்கி மறுபடி தொடங்கினேன். இப்போது தளமே விழுந்தது. படிக்க மட்டும் அனுமதி உள்ள தரவுத்தளத்தில் எழுத முயல்கிறாய் என்று பிழை. இதை வைத்துக்கொண்டு ஞாயிறு முழுக்க மண்டையை உடைத்தேன், டாக்கரை நீக்கி மறுபடி நிறுவினேன்கூட. கடைசியில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை போட்டுப் பார்த்தால் அந்த எஸ்கியூலைட் கோப்பு இன்னும் ரூட் பெயரில்தான் இருக்கிறது, புதிதாக உள்ளே வந்திருக்கும் 1000 அதைத் தொட முடியாது. மொத்தக் கோப்புறைக்கும் உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளை, ஒரே ஒரு முறை. தளம் எழுந்துவிட்டது. ஒரு நாள் போனது போனதுதான்.

இரண்டாவது வாரம்

தளம் வந்தது, முகம் வரவில்லை. தளத்தின் தோற்றமான ஸ்கின் தனிக் களஞ்சியம், அதை ஸ்கின்ஸ் கோப்புறைக்குள் தனியாகக் குளோன் செய்து லோக்கல்செட்டிங்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதுவரைக்கும் தெரிவது இயல்பு ஸ்கின் கிடைக்கவில்லை என்று சொல்லும் மொட்டைப் பக்கம். வெக்டர் என்ற ஸ்கின்னைப் போட்டதும் பழகிய முகம் வந்தது.

நடுவில் ஒரு விளையாட்டு. முகவரியின் கடைசியில் மொழிக் குறியீட்டு இடத்தில் கியூகியூஎக்ஸ் என்று கொடுத்தால் திரையில் மெனு, பொத்தான் போன்ற தளத்தின் சொந்த வாசகம் ஒவ்வொன்றுக்கும் பதிலாக, நிரலில் அதற்குள்ள பெயர் அடைப்புக்குறிக்குள் தெரியும். இந்தத் தமிழ்ச் சொல் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று தேடி அலைய வேண்டாம். எனக்குப் பிடிக்காத ஒரு மொழிபெயர்ப்பை அப்படிக் கண்டுபிடித்துத் தமிழ்க் கோப்பைத் திறந்து திருத்தியும் விட்டேன், அப்புறம்தான் தெரிந்தது, மொழிபெயர்ப்புகளுக்கு வழி டிரான்ஸ்லேட்விக்கி தளம், கெரிட்டில் ஆங்கிலத்தையும் அதன் விளக்கக் குறிப்பையும் மட்டும்தான் தொட வேண்டும். திருத்தியதை அழித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு பக்கங்கள் உருவாக்கி ஒரே பகுப்பில் போட்டேன். இயல்பு வரிசையில் வந்தது இது: சட்டை, ஜன்னல், ஞாயிறு, நகரம், னகரம், பட்டம், மயில், ரம்பம், றகரம், லட்டு, ழகரம், வடை. அண்ணன் சொன்ன நோய் அப்படியே வீட்டிலும் வந்துவிட்டது, சந்தோஷமாக இருந்தது. இன்னும் நான்கு சொற்களைச் சேர்த்தேன், அதில் இன்னொரு கூத்து: கலகம், கலை, கல், கல்வி. புள்ளிக்கு யூனிகோடில் உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இடம், அதனால் 'கல்' பாவம் 'கலை'க்குப் பின்னால் நிற்கிறது.

நானே ஒரு வரிசைப்படுத்தி எழுதிக் கிழித்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் நிரலைத் தோண்டினேன். கொலேஷன் (வரிசைப்படுத்தல்) கோப்பில் பார்த்தால் தமிழுக்கு ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள்! பல மொழிகளின் வரிசை விதிகளை வைத்திருக்கும் ஐசியு நூலகத்தின் தமிழ் வரிசையைப் பயன்படுத்துகிறது, அதற்கு மேல் ஃ, க், ங், ச் என்று தலைப்பெழுத்துகளின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. நான் செய்ய வேண்டியிருந்தது அமைப்புக் கோப்பில் பகுப்பு வரிசையை யுசிஏ-டிஏ என்று ஒரு வரி மாற்றுவது மட்டும்.

மாற்றினேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். ஜன்னல் அசையவில்லை. மறுபடி புதுப்பித்தேன், கேஷைக் காலி செய்தேன், உலாவியை மாற்றினேன், ம்ஹூம். வரிசைச் சாவி என்பது பக்கத்தைச் சேமிக்கும்போதே கணக்கிட்டுத் தரவுத்தளத்தில் எழுதி வைக்கப்படுகிறது, பார்க்கும்போது கணக்கிடுவதில்லை. அப்டேட்கொலேஷன் என்ற பராமரிப்பு ஸ்கிரிப்டை ஓட்டினால் பழைய சாவிகளை எல்லாம் திரும்ப எழுதும். ஓட்டினேன். சட்டை, ஞாயிறு, நகரம், பட்டம், மயில், ரம்பம், லட்டு, வடை, ழகரம், றகரம், னகரம், ஜன்னல். கல், கல்வி, கலகம், கலை. ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தனியாகச் சத்தமாகச் சிரித்தேன்.

மூன்றாவது வாரம்

சோதனைகளையும் ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா. பிஎச்பியூனிட் என்ற சோதனைக் கருவியில் மொத்தத் தொகுப்பையும் ஓட்டினால் இந்தப் பெட்டியின் விசிறி விமானம் மாதிரி கத்தும், அதனால் கொலேஷன் சோதனைக் கோப்பை மட்டும் ஓட்டினேன், பச்சை, அதாவது தேர்ச்சி. இந்தச் சொல்லுக்கு இந்தத் தலைப்பெழுத்து வர வேண்டும் என்று சொல்லும் சோதனையில் நான் தமிழுக்கு மூன்று வரி சேர்த்தேன்: ஞாயிறு என்றால் ஞ, கல்வி என்றால் க. மூன்றாவதற்கு வாசகசாலைப் பட்டியலில் இருந்தே ஒரு தலைப்பை எடுத்தேன், 'க்ரைம் கதைகள்', அதற்கும் க.

சிவப்பு. எதிர்பார்த்தது கழித்தல் குறியோடு க, வந்தது கூட்டல் குறியோடு இன்னொரு க. முனையத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தன. எழுத்துருவைப் பெரிதாக்கிக் கண்ணைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், இரண்டாவது க-வை விட்டு ஒரு இடம் தள்ளி, அனாதையாக ஒரு புள்ளி. முனையம் புள்ளியை எழுத்தின் தலையில் வைக்கத் தெரியாமல் பக்கத்தில் போட்டிருக்கிறது. ஆக வந்த விடை 'க்'. அந்தத் தலைப்பெழுத்துப் பட்டியலில் க் தனி எழுத்து, க-வுக்கு முன்னால். 'க்ரைம்' என்ற ஒரே தலைப்புக்காக வாசகசாலைப் பட்டியலில் 'க்' என்று தனித் தலைப்பு வரப்போகிறது.

இது பிழையா இல்லையா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதற்குள் முதல் இரண்டு வரிகளை மட்டும் கெரிட்டுக்கு அனுப்பினேன். அனுப்பியதைத் தானாகச் சோதிக்கும் ஜென்கின்ஸ் உடனே மைனஸ் ஒன்று போட்டது: மீடியாவிக்கியில் உள்தள்ள டேப், நான் தட்டியது இடைவெளி. இதைத் தானாகத் திருத்தும் கம்போசர் ஃபிக்ஸ் ஓட்டி மறுபடி அனுப்பியதும் பச்சையாகிவிட்டது, ஆள் யாரும் இன்னும் பார்க்கவில்லை.

'க்' விவகாரத்தை அண்ணனிடமே கேட்டேன். நிரலில் எப்படிச் சரிசெய்வது என்று இரண்டு வழி யோசித்து வைத்திருந்தேன், அதையும் சொல்ல ஆரம்பித்தேன். அவர் முழுக்கக் கேட்கவே இல்லை. "தம்பி, தமிழ்ல ஒரு சொல் மெய்யெழுத்துல ஆரம்பிக்குமா? அந்தக் கட்டுக்கு மேல 'கிரைம்'னு எழுதாம விட்டது நான்தான். நீ தலைப்பை மாத்து, நான் அட்டையை மாத்திடறேன்."

மாற்றிவிட்டேன்.